ஆச்சாவும் பால் தொட்டியும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. வீட்டில் அவள் 'ஆச்சா'.

பெயர் வைத்தது மாமா. பதினொரு வயதுக்குள் அவள் அந்தக் கேள்வியைப் பத்தாயிரம் தடவையாவது கேட்டிருப்பாள் என்பது அவர் கணக்கு.

எல்லாம் அம்மா டிக் வெல்டிங் கற்றுக்கொண்ட பிறகு வந்ததுதான். மாமாவும் வெல்டர். இருபது வருடமாக ராடு வைத்துச் செய்யும் வெல்டிங். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படி. பொறி மத்தாப்பு போலக் கொட்டும். அம்மாவுடைய வேலை அப்படியில்லை. தையல் வேலை மாதிரி. ஒரு கையில் டார்ச், அதன் நுனியில் பென்சில் போலச் சீவிய டங்ஸ்டன் ஊசி. ஊசி முனையில் ஒரு குட்டி மின்னல். மறு கையில் மெல்லிய கம்பி. மின்னல் உருக்குகிற இடத்தில் காற்று படக்கூடாது. அதனால் டார்ச்சிலிருந்து ஆர்கான் என்ற வாயு வந்து போர்வை போல மூடிக்கொண்டே இருக்கும்.

பயிற்சி முடிந்த முதல் வாரத்தில் அம்மா ஒரு தடவை அந்த வாயுவைத் திறக்க மறந்துவிட்டாள். தகடு தீய்ந்துபோன அப்பளம் மாதிரி கறுத்துப் பொத்தல் பொத்தலாகப் போனது. அம்மா முகம் அதைவிடக் கறுத்தது.

அன்றைக்கே ஆச்சா மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தாள். அம்மாவின் பயிற்சி நோட்டைப் பார்த்து, வெல்டிங்குக்கு முன் சரிபார்க்க வேண்டியதைப் பன்னிரண்டு வரியாக அந்த அட்டையில் எழுதினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அம்மா உள்ளே, வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கும் திரைக்கு வெளியே ஆச்சா. ஒவ்வொரு வரியாகப் படித்து, "ஆச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்று அம்மா சொன்னால்தான் அடுத்த வரி. பன்னிரண்டாவது வரி மெயின் சுவிட்ச். அதுவரை மெஷின் தூங்கும்.

மாமாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. நான் பல் விளக்குறதுக்கும் ஒரு பட்டியல் எழுதிக் குடு மருமகளே என்பார்.

ஒரு சனிக்கிழமை மதியம் பால் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்று குழாய்க்குப் பக்கத்தில் மூன்று நாளாகக் கசிந்து, அன்று ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. அவர்கள் வழக்கமாகக் கூப்பிடும் வெல்டர் ஊரில் இல்லை. நான்கு மணிக்குச் சாயங்காலப் பால் வரத் தொடங்கும். தொட்டி இல்லையென்றால் அத்தனை வீட்டுப் பாலையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். வெளியிலிருந்து அவளைத் தேடி வந்த முதல் டிக் வேலை அது. வீட்டில் மீதி இருந்தது ஒரே ஒரு டங்ஸ்டன் ஊசி. மற்றதெல்லாம் பயிற்சியிலேயே தேய்ந்துவிட்டது. புதுப் பெட்டி திங்கட்கிழமைதான் வரும்.

"ஒண்ணு போதும்" என்றாள் அம்மா. "அதைக் கெடுக்காம இருந்தா."

மாமாவின் மினி லாரியில் மெஷினும், சிலிண்டரும், திரையும், ஆச்சாவும், அட்டையும் ஏறின.

பால் நிலையத்து மேலாளர் வாசலிலேயே நின்றார். குட்டையானவர், கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். வெல்டர் எங்கே என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா அம்மாவைக் காட்டினார். மேலாளர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி பால் தொட்டி பண்ணியிருக்கீங்களா?"

"எவர்சில்வர் தகடு பண்ணியிருக்கேன் சார். தொட்டி இதுதான் முதல் தடவை."

அம்மா பொய் சொல்ல மாட்டாள். அந்த நேரத்தில் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்று ஆச்சாவுக்குத் தோன்றியது.

மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடவைதான். தகட்டில் ஓட்டை விழுந்தாலோ, உள்ளே கறுப்புப் படிந்தாலோ, அப்படியே மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கறுப்பில் பால் ஒட்டும், ஒட்டினால் புளிக்கும். அவர் பேரும் சேர்ந்து புளிக்கும்.

அம்மா முழுக்கைச் சட்டையின் பித்தானைப் பூட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். தொட்டியைக் காயவைத்து, விரிசலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தாள். பிறகு விளிம்புக்கு மேலாகக் கையை விட்டு, உள்பக்கம் விரிசலை உலோகத் தாளால் பெட்டி போல மூடி ஒட்டினாள். அதற்குள் ஒரு மெல்லிய குழாயைச் சொருகினாள். வெளியே பற்றவைக்கும்போது உள்பக்கமும் ஆர்கான் போர்த்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உள்ளே கறுக்காது.

அந்த நேரத்தில் மாமா சும்மா இருக்கவில்லை. அக்காவுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று மெஷினை இறக்கி, சிலிண்டரைத் தூணோடு சங்கிலியால் கட்டி, வயர்களையும் மாட்டி முடித்துவிட்டார். இருபது வருடம் பழகிய கை. கண்ணை மூடிக்கொண்டே மாட்டும்.

ஆச்சா அட்டையோடு வந்தபோது அவர் விரல் மெயின் சுவிட்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, பட்டியல் படிக்கல."

மணி ரெண்டாகப் போகுது, இன்னிக்கு ஒரு நாள் பட்டியலுக்கு லீவு விடு என்றார் மாமா. மேலாளரும் தலையாட்டினார். சின்னப் பிள்ளை விளையாட இது நேரமா என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

ஆச்சாவுக்குக் காது சுட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவள் மெஷினைப் பார்த்தாள். வாய் அப்படியே நின்றது.

டார்ச் வயர் பிளஸ்ஸில் இருந்தது.

ராடு வெல்டிங்கில் ராடு பிடிக்கிற வயர் பிளஸ்ஸுக்குப் போகும். மாமாவின் கைக்கு அதுதான் தெரியும். டிக் வெல்டிங்கில் தலைகீழ். டார்ச் மைனஸ்ஸில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் சூடு முழுக்க ஊசியின் தலையில் ஏறும். பயிற்சியில் யாரோ அப்படிச் செய்து, ஊசி முனை மெழுகுவர்த்தி போல உருகி வேலைக்குள் விழுந்ததை அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்கு அரை நொடி போதும்.

இங்கே இருப்பது ஒரே ஊசி.

கத்திச் சொல்லிவிடலாம். மாமா, தப்பா மாட்டிட்டீங்க என்று. ஆனால் மேலாளர் இரண்டடி தள்ளி நிற்கிறார். வயரைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவர்களா என்று இந்த நிமிடமே அனுப்பிவிடுவார். அதோடு மாமா. அத்தனை பெரிய மீசைக்குக் கீழே அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். உதவி செய்யத்தானே மாட்டினார்?

ஆச்சா அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க படிங்க மாமா. இங்க ஒரே இரைச்சல். உங்க குரல்தான் அம்மாவுக்குக் கேக்கும்."

அது உண்மைதான். கூரையில் மூன்று பெரிய காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாமா குரலோ நாலு தெரு தாண்டும்.

புகழ்ச்சி வேலை செய்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய்யைப் படிப்பவர் போல நிமிர்ந்து நின்றார்.

"ஒண்ணு. கையுறை, முகமூடி, முழுக்கைப் பருத்திச் சட்டை. ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் அம்மா.

இரண்டு, பக்கத்தில் எண்ணெய்த் துணி, தாள், பெட்ரோல் எதுவும் இல்லை. மூன்று, தீயணைக்கும் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில். நான்கு, ஆர்கான் சிலிண்டருக்குச் சங்கிலி. எல்லாம் ஆச்சு. ஐந்து, வாயுவை மெதுவாகத் திற, அளவு நிமிடத்துக்கு எட்டு லிட்டர். மாமா சிலிண்டரைப் பார்த்தார். தாராள மனசில் இருபதில் வைத்திருந்தார். சத்தம் காட்டாமல் எட்டுக்குக் குறைத்தார். அதிகம் வைத்தால் வாயு சுழன்று காற்றையும் சேர்த்து இழுத்துவரும். ஆறு, குழாயில் கசிவு இல்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை.

"ஏழு. டார்ச் வயர்..."

குரல் நின்றது.

மாமா அட்டையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு ஆச்சாவைப் பார்த்தார். ஆச்சா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, நின்னுட்டீங்க?" என்றார் மேலாளர்.

"சரி பாக்குறதுக்குத்தானே சார் பட்டியல்."

மாமா சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். இரண்டு வயர்களையும் கழற்றினார். டார்ச்சை மைனஸ்ஸில், தொட்டியோடு இணைக்கும் எர்த் வயரை பிளஸ்ஸில் செருகி, இறுகும்வரை திருகினார்.

"டார்ச் மைனஸ்" என்றார். "ஆச்சு."

அந்த ஒரு "ஆச்சு" மட்டும் நாலு தெரு தாண்டவில்லை. பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்டது.

எட்டாவது வரியிலிருந்து மாமா வேறு ஆளாகிவிட்டார். எர்த் கிளாம்ப் சுத்தமான தகட்டில் கடித்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். ஊசியின் கூர்மையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பத்தாவது வரியில் கரண்ட் அளவை அம்மா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பதினொன்றாவது வரி காற்றாடி. வாயுப் போர்வையைக் காற்று பறித்துக்கொண்டு போய்விடும். மேலாளர் வெயிலில் புழுங்குமே என்றார். ஜன்னலைத் திறந்து வைக்கலாம், காற்றாடி மட்டும் ஓடக்கூடாது என்று மாமா அவரையே அனுப்பி மூன்றையும் அணைக்க வைத்தார்.

கடைசியாகத் திரை இழுக்கப்பட்டது. மேலாளர் அதன் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்க்கப் போனார்.

"சார், பாத்தீங்கன்னா ராத்திரி முழுக்கக் கண்ணுல மணலைக் கொட்டின மாதிரி இருக்கும்" என்றாள் ஆச்சா. "திரும்பி நில்லுங்க."

அவர் திரும்பி நின்றார்.

"பன்னெண்டு. சுவிட்ச். ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் அம்மா. முகமூடி இறங்கும் சத்தம் கேட்டது.

உஸ் என்று வாயு. பிறகு ஒரு சீரான ரீங்காரம். மத்தாப்பு இல்லை, வெடி இல்லை. எதிர்ச் சுவரில் மட்டும் மெல்லிய நீல வெளிச்சம் நடுங்கியது. ஆச்சா அதையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மனசுக்குள் எண்ணினாள். இருபது. நாற்பது. ரீங்காரம் நின்றது. அம்மா உடனே டார்ச்சை எடுக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். சூடு தணியும்வரை வாயு போர்த்திக்கொண்டிருக்க வேண்டும். மறுபடியும் ரீங்காரம். மறுபடியும் அமைதி. மாமா அட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"முடிஞ்சுது" என்றாள் அம்மா.

சுவிட்சை அணைத்துவிட்டுத் திரையை விலக்கினார்கள். விரிசல் இருந்த இடத்தில், மீன் செதில் அடுக்கியது போல ஒரே அளவில், இளம் பொன் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. எங்கும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டை முனையிலிருந்து முனைவரை இரண்டு முறை பார்த்தார். இருபது வருட வெல்டர் அப்படிப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று வெல்டரின் மகளுக்குத் தெரியும்.

மேலாளர் உடனே தொட்டிக்குள் தலையை விடப் போனார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். உள்ள ஆர்கான் தேங்கியிருக்கும். அது காத்தைவிடக் கனம். தண்ணி மாதிரி அடியில நிக்கும். வாசனையும் இருக்காது. தலையை விட்டா மூச்சுக்குக் காத்து கிடைக்காது."

காற்றாடிகள் மறுபடியும் சுற்றின. ஒரு ஊதுகுழாயை விட்டுத் தொட்டிக்குள்ளும் காற்றை அனுப்பினார்கள். நன்றாகக் காற்று மாறிய பிறகு நீளக் கம்பியால் தாளை உரித்து எடுத்து, ஒரு முகக்கண்ணாடியைத் தாழ இறக்கி டார்ச் லைட் அடித்துப் பார்த்தார்கள். உள்பக்கமும் வெள்ளியாக மின்னியது.

"இன்னும் தண்ணி நிக்கணும்" என்றார் மேலாளர். லேசில் விடுகிற ஆள் இல்லை.

தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்கள். வெளியே துடைத்துவிட்டு, கோட்டுக்கு அடியில் தரையில் செய்தித்தாளை விரித்தார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம். அம்மா ஒரு பால் கேனைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.  ஆச்சா பக்கத்தில் போய் ஒட்டி நின்றுகொண்டாள்.

மூன்றரைக்கு மேலாளர் குனிந்து தாளை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

காய்ந்த தாள். அதில் இருந்த குறுக்கெழுத்துப் போட்டியின் ஒரு கட்டம்கூட நனையவில்லை.

மேலாளர் அம்மாவுக்குக் கை கொடுத்தார். பிறகு மாமா முன்னால் வந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். நீங்க பக்கத்துல நிக்கும்போதே நான் வயரைத் தப்பா மாட்டியிருந்தேன். அப்படியே போட்டிருந்தா ஊசி போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அதைக் கண்டுபிடிச்சது என் மருமக. என் மானம் போகாமக் கண்டுபிடிச்சா. அதுதான் பெரிய வித்தை."

மேலாளர் ஆச்சாவின் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளை என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

"உள்ள இன்னும் மூணு தொட்டி மூட்டு விட்டுப்போய்ச் சும்மா கிடக்கு" என்றார். "அடுத்த சனிக்கிழமை வர முடியுமா?"

அம்மா மகளைப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை ஓவிய வகுப்பு, பதினொரு மணிக்கு மேல் வரலாம் என்று ஆச்சா சொன்னாள். மேலாளர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நான்கு மணிக்குச் சைக்கிள்களும் வண்டிகளும் வந்து சேர்ந்தன. தண்ணீரை வடித்து, தொட்டியைக் கழுவி, முதல் கேனைச் சாய்த்தார்கள். பிறகு இரண்டாவது, பத்தாவது, முப்பதாவது. பால் நுரையோடு ஏறி ஏறிப் பொன் கோட்டைத் தாண்டியது. யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

தொட்டி ஒழுகிய மூன்று நாளும் அதன் அடியில் விருந்து சாப்பிட்டுப் பழகியிருந்த ஒரு பூனை அப்போது வந்தது. தரையை மோந்தது. தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. அண்ணாந்து, ஆச்சாவை ஒரு முறை முறைத்தது.

"ஆச்சு" என்றாள் ஆச்சா அதனிடம்.