ஜவுபரின் மற்றப் பெற்றரி

மத்தியான லுஹருக்குப் பச்சையாக எரிந்த லைட் பின்னேர அஸருக்குச் சிவப்பாகிக் கிடந்தது.

றுமானா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அடுப்படி மூலையில், பலகைத் துண்டின் மேல், ஜவுபரின் தோணிக்குரிய பெற்றரி. அதிலிருந்து சார்ஜருக்கு மட்டுமே வயர் போகிறது. நிறைந்தால் பச்சை, ஏறும்போது சிவப்பு. நிறைந்த பெற்றரி இருந்த இடத்திலேயே எப்படிக் காலியாகும்? நேற்றும் இப்படித்தான் ஆனது.

ஜவுபர் கடலை ஒட்டிய களப்பில் தூண்டில் போடுகிறவன். எஞ்சின் சத்தத்துக்கு மீன் கலையும் என்று தோணிக்குக் கரண்ட் மோட்டர் பூட்டியிருந்தான். ஒரு பெற்றரி தோணியில் போகும், மற்றது வீட்டில் சார்ஜ் ஏறும். திரும்பி வந்ததும் பின்கதவடியில் நின்றே கேட்பான்.

"சார்ஜ் போட்டியா, புள்ள?"

"பொஞ்சாதி இரிக்காளா எண்டு கேக்க மாட்டீங்க. பெற்றரியைத்தான் கேப்பீங்க" என்று சிணுங்கிக்கொண்டே கதவைத் திறப்பாள்.

வெள்ளம் வடிய, களப்பைக் கடலிலிருந்து மறித்த முகத்துவார மணலை வெட்டிவிட்ட அன்று, களப்புத் தண்ணீர் தோணியையும் அவனையும் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. இரண்டும் கிடைக்கவில்லை.

அடுத்த வளவிலிருக்கும் அவள் உடன்பிறந்த ராத்தா ஆகிலா காலையிலும் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனாள். "மௌத்தானவனுக்கு ஆரும் கரண்ட் ஏத்துவாங்களா? அதைக் கழட்டிப் போட்டுட்டு, புருசனுக்காக நாலு மாசம் பத்து நாள் இத்தாவில இரி, புள்ள."

"அவர்ர மையத்து கரையொதுங்கினதைக் கண்டீங்களா, ராத்தா? வந்தா அவருக்குச் சார்ஜ் வேணும்."

அந்த வயரைக் கழற்றினால் அவன் மௌத்தாகிவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

அவன் போன பின்னும் அவள் பெற்றரிக்குச் சார்ஜ் போட்டு வந்தபோதுதான் சத்தம் கேட்கத் தொடங்கியது. தண்ணீருக்கடியில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போன்ற, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த மோட்டரின் ரீங்காரம் முதலில் கடற்கரைப் பக்கம், அலைச் சத்தத்துக்கும் தென்னோலைச் சத்தத்துக்கும் இடையில் கேட்டது. பெற்றரி காலியானதும் நின்றுவிட்டது. மறுபடி சார்ஜ் போட்டாள். அடுத்த முறை வீட்டுக்கு வரும் ஒழுங்கை முனையில் கேட்டது. நேற்று கிணற்றடியில், பாசியும் அழுகிய இறாலும் கலந்த வாடையோடு. தண்ணீரில்லாத மணலில் தோணி எப்படி ஓடும்? ஆனாலும் சார்ஜ் போட்டாள். வரட்டும். எப்படியாவது வந்து சேரட்டும்.

பொழுதுபட, மஃரிபுக்கு முன் மழை இறங்கியது. கரண்ட் போனது. ஊரே ஒரே இருட்டு. "ராத்தா!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தகரக் கூரையில் விழுந்த மழை அவள் குரலை அவளுக்கே கேட்கவிடவில்லை. இந்த உலகத்தில் தனக்கு ஒருவருமே இல்லை என்று தோன்றியது.

கரண்ட் இல்லாத வீட்டில் அந்தச் சிவப்பு லைட் மட்டும் அணையவில்லை.

ரீங்காரம் பின்கதவுக்கு வெளியே கேட்டது. மெலிந்தது. இழுத்தது. விக்கியது. நின்றது.

"சார்ஜ் போட்டியா, புள்ள?"

அவன் குரல்தான். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் தண்ணீர் கொப்பளித்தது.

திறக்கக்கூடாது. அது தெரியும். ஆனால் இத்தனை நாளும் இதற்காகத்தானே காத்திருந்தாள். கதவின் கொளுக்கியை எடுத்தாள்.

ஜவுபர் நின்றிருந்தான். தலை குனிந்திருந்தது. அன்று போட்டுப்போன அதே நீலச் சேட். கால் இரண்டும் மணலில் புதைந்து, ஓட்டம் நின்றுபோன மோட்டர் போல அசையாமல் நின்றான். மூச்சு இல்லை.

"ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க" என்றாள். அழுகை வந்தது.

"காணாது, புள்ள. உள்ளுக்கு வரச் சார்ஜ் காணாது." வாய் அசையவில்லை.

பாவம், வாசல் வரை வந்தவன். உள்ளே வர ஒரு எட்டுத்தான். கையை நீட்டினாள்.

பிடித்தான்.

குளிர். விரல் நுனியில் தொடங்கி முழங்கை, தோள், நெஞ்சு. இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை. கால்கள் மடிந்தன. கத்த நினைத்தாள். வாயில் உப்புத் தண்ணீர்.

அவன் நெஞ்சுக்குள் ரீங்காரம் மெல்ல ஏறத் தொடங்கியது. தலை நிமிர்ந்தது. ஒரு கால் மணலிலிருந்து கிளம்பிப் படியில் ஏறியது.

அடுப்படி மூலையில், கரண்ட் இல்லாத சார்ஜரில், லைட் பச்சையானது.