இருட்டில் ஓடிய மணிக்கூடு

லண்டனின் நோர்பரி ஸ்டேஷனில் இறங்கித் தன் தெருவுக்குள் திரும்பியதும் தில்லையம்பலம் தலையைக் குனிந்துகொள்வார். நிமிர்ந்தால் வீட்டின் மேல் யன்னல் தெரியும், அதில் வெளிச்சம் தெரியும். டிசம்பர் மாதத்துப் பின்னேரம், நாலு மணிக்கே தெரு கறுத்துவிடும். அந்த வரிசையில் இரவு பகல் என்றில்லாமல் எரிந்துகொண்டிருந்தது அந்த ஒரு யன்னல்தான்.

அது அவருடைய மனைவி தவமலரின் அண்ணை செல்வரத்தினம் இருந்த அறை. இறந்ததும் அங்கேதான். செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்பது முறை. ஆனால் கார்ப்பெட் விரித்த அறையில் எண்ணெய் விளக்கைக் கொளுத்திவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போக முடியுமா? லண்டனுக்கு வந்தபின் முறையும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது. தவமலர் அறையின் மின்விளக்கைப் போட்டுவிட்டு, யாரும் மறந்துபோய் அணைத்துவிடாமல் சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் செல்வரத்தினத்தின் மீற்றர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் பழைய இரும்புச் சாமான்களுக்குள் கிண்டி எடுத்துவந்த பித்தளைப் பெட்டி. மின்சாரம் வந்த புதிதில் சில கம்பனிகள் ஒரு வீட்டில் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைத்தான் அளந்தார்களாம். அதற்காகப் பெட்டிக்குள் ஒரு மணிக்கூட்டை வைத்தார்கள். விளக்கைப் போட்டால் உள்ளே ஒரு காந்தம் பிடியைத் தூக்கும், மணிக்கூடு ஓடும். விளக்கை அணைத்தால் பிடி விழுந்து மணிக்கூடு நின்றுவிடும். செல்வரத்தினம் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தன் அறை விளக்கோடு இணைத்திருந்தார்.

அவருக்கு அது விளையாட்டுச் சாமான் அல்ல. ஊரில் இராணுவ முகாமில் வெளிச்சமே இல்லாத அறையில் மாதக்கணக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்தவர். லண்டனுக்கு வந்தும் விளக்கை எரியவிட்டுத்தான் படுப்பார். அப்படியும் அடிக்கடி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து பார்ப்பார். மீற்றர் வந்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினார்.

"கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும் லைட் எரியுதெண்டு காது சொல்லும், மச்சான்" என்று ஒருநாள் அவர் சொன்னபோது தில்லையம்பலம் சிரித்தார்.

சிரிப்பு பிறகு எரிச்சலாகிவிட்டது. தில்லையம்பலத்துக்குப் பாண் பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட். கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக மச்சானின் வெளிச்சம் அவருடைய அறைக்குள் வரும். மெல்லிய சுவருக்குள்ளால் டிக் டிக் வரும். இரண்டு வருடம் பொறுத்த மனிதர், ஒரு ராத்திரி பொறுக்க மாட்டாமல் கீழே இறங்கி, படிக்கட்டுக்குக் கீழிருந்த பெட்டியில் மேல்மாடி விளக்குகளின் பியூஸைக் கழற்றிவிட்டார். விடியமுதல் வேலைக்குப் புறப்படும்போது அதைத் திரும்பப் பொருத்தினார். மேலே வெளிச்சம் வரவில்லை. மனிதர் தானே சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டுக்குப் பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் சந்தோஷமாகவே பஸ் ஏறினார்.

காலையில் தவமலர் கதவைத் திறந்தபோது செல்வரத்தினம் சுவிட்சுக்குக் கீழே விழுந்து கிடந்தார். சுவிட்சை மேலும் கீழுமாக அடித்துப் பார்த்திருக்க வேண்டும், அது அணைந்த பக்கமாக நின்றது. மூச்சு இழுக்கும் ஆஸ்துமா வருத்தக்காரர். மருந்து இழுக்கும் பம்ப் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. இருட்டில் அதைத் தேடியிருக்கிறார், கைக்கு அகப்படவில்லை.

அந்த வாரம்தான் பல்ப் மினுங்குகிறது, புதிது வாங்கி வா என்று அவர் தங்கையிடம் சொல்லியிருந்தார். தவமலர் மறந்துவிட்டார். பல்ப் இடையில் நின்றுபோனதால்தான் அண்ணை பயந்து செத்தார் என்று அவர் நம்பினார். அன்று முதல் சோறு இறங்கவில்லை. வேலையால் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். உடுப்பெல்லாம் தொளதொளத்துப் போய்விட்டது. தன்னுடைய பழியை மனைவி சுமந்து மெலிவதைத் தில்லையம்பலம் ஒவ்வொரு நாளும் பார்த்தார். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

இதற்குள் இன்னொன்று. விளக்கு எரிந்தது, மணிக்கூடு ஓடவில்லை.

"லைட் எரியுது, இது ஓடேல்லை. அண்ணைக்கு வெளிச்சம் போய்ச் சேரேல்லையோ?" என்று தவமலர் கேட்டார்.

பக்கத்துத் தெருவில் இருந்த எஞ்சினியர் சேஷாத்ரியைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் மூடியைக் கழற்றி வயரைப் பார்த்தார், சாவி கொடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒருதரம் அணைத்துப் போட்டால் பிடி விடுபடலாம் என்றார். அணைக்கக் கூடாது என்று தவமலர் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். சேஷாத்ரி வாசலில் சப்பாத்தைப் போடும்போது தில்லையம்பலத்திடம் மட்டும் சொன்னார். "பெட்டிக்குள்ள கரண்ட் போறது சார், ஆமா. காந்தமும் இழுக்கிறது. யாரோ உள்ளே விரலை வச்சுப் பிடிச்சிண்டிருக்கிற மாதிரி நிக்கறது."

அடுத்த நாள் பின்னேரம் தவமலர் வேலையால் வருமுன் தில்லையம்பலம் அந்த அறைக்குப் போனார். மணிக்கூடு ஓடத் தொடங்கினால் அவளுக்குக் கொஞ்சமாவது நிம்மதி வரும், உண்மையைச் சொல்லாமலே தப்பிவிடலாம் என்பது கணக்கு. அறையில் செல்வரத்தினம் நெஞ்சில் பூசும் தைலம் மணத்தது. பிளாஸ்டரை உரித்தார். சுவிட்சை அமர்த்தினார்.

இருட்டு விழுந்தது.

டிக். டிக். டிக்.

அவர் பெட்டி இருந்த பக்கம் திரும்பினார். பிறகு விளக்கைப் போட்டார். மணிக்கூடு நின்றது. பெட்டியின் கண்ணாடிக்குள் முள் அசையாமல் இருந்தது. மறுபடி அணைத்தார்.

டிக். டிக்.

வெளிச்சத்தில் நின்று, இருட்டில் ஓடியது. விளக்கு எரிந்த நேரத்தை அளக்கச் செய்த யந்திரம் இருட்டின் நேரத்தை அளந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேறொன்றும் கேட்டது.

மூச்சு. விசிலைப்போல மெல்லியதாக உள்ளே இழுபடும், வெளியே வரச் சிரமப்படும் மூச்சு.

கார்ப்பெட்டில் ஏதோ உராய்ந்தது. ஒரு கை எதையோ தேடித் தடவியது.

"மச்சான்… லைட்…"

தில்லையம்பலம் படிகளில் எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. தவமலர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவர் கீழே குசினியில் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார். மேலே விளக்கு எரியவில்லை என்பதைத் தெருவிலேயே கண்டுவிட்ட தவமலர், பல்ப் மறுபடி போய்விட்டதா, அண்ணையை நான் இன்னொருதரம் கொன்றுவிட்டேனா என்று அழத் தொடங்கினார்.

அந்த அழுகையைத்தான் தில்லையம்பலத்தால் தாங்க முடியவில்லை.

"பல்ப் போகேல்லை. அண்டைக்கும் போகேல்லை. பியூஸைக் கழட்டினது நான்."

தவமலர் கண்ணைத் துடைத்தார். ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அண்ணை கூப்பிட்டவரோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கூப்பிட்ட சத்தத்தைக் கேட்ட வேறு ஆள் கிடையாது. அந்த ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த தவமலர் மாத்திரை போட்டுவிட்டு அடித்துப் போட்டதுபோலத் தூங்கியிருந்தார்.

"ஓம். கூப்பிட்டவர். எனக்குக் கேட்டது. நான் எழும்பேல்லை."

தவமலர் திட்டவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார். அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னட்டைச் சொல்லி என்ன? அண்ணையட்டைச் சொல்லுங்கோ."

அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

தைல மணம் முகத்தில் அடித்தது. மூச்சு கட்டிலடியிலிருந்து வந்தது. பிறகு கட்டில் விளிம்பிலிருந்து வந்தது. பிறகு அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"மச்சான்" என்றார் தில்லையம்பலம். மூச்சு வந்த பக்கம் குனிந்தார். மறுபடி சொன்னார். "மச்சான், நான்தான் கழட்டினது. நீங்கள் கூப்பிட்டது கேட்டது. கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்."

மணிக்கூடு நின்றது.

மூச்சும் நின்றது.

ஒரு கை அவருடைய வலது கையைப் பற்றியது. குளிர்ந்து, வியர்வையில் நனைந்த கை. அவர் உதறப் பார்த்தார். அந்தக் கையில் கோபமே இல்லை என்பது அப்போது தெரிந்தது. இருட்டில் நிற்கும் மனிதன் பக்கத்தில் நிற்பவனைப் பிடித்துக்கொள்கிற பிடி அது. அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. விக்கி விக்கி அழுதார்.

தவமலர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். மணிக்கூடு வெளிச்சத்தில் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அதைக் கேட்டுத் தவமலர் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றிரவு சோறு சாப்பிட்டார்.

தில்லையம்பலம் சாப்பிடவில்லை. வலது கை இன்னும் பிடிபட்டே இருந்தது.

அந்தியேட்டி குறைவில்லாமல் நடந்தது. ஐயர் தண்ணீரை ஏந்தச் சொன்னபோது இடது கையைத்தான் அவரால் நீட்ட முடிந்தது. பேக்கரியில் தட்டுகளை ஒரு கையால் தூக்கப் பழகிக்கொண்டார். டொக்டர் நரம்பு என்றார், குளிர் என்றார். இப்போது விளக்கை எரியவிட்டுப் படுப்பவர் அவர். வெளிச்சத்தில் பிடி லேசாக இருக்கும், மறந்துகூடப் போகும்.

போன மாசிமாதப் புயலில் நோர்பரி முழுக்கக் கரண்ட் போனது. வெளிச்சம் திரும்பி வந்தபோது அவருடைய புறங்கையில் விரல் விரலாகக் கன்றியிருந்தது. தவமலர் அந்தக் கையை மடியில் எடுத்துவைத்து, தடம் பட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை இன்னும் பயப்பிடுறார்" என்றார். "நீங்கள் கையை விட்டிடாதேங்கோ."

பிறகு எழுந்து தேநீர் போடப் போனார்.