நடு வால்வு

துடைத்து வைத்த வால்வு மறுபடியும் நனைந்திருந்தது.

நதீம் காலையிலிருந்து மூன்று முறை துடைத்துவிட்டான். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பின்தெருவில், கடலில் முங்குகிறவர்களுக்குக் காற்று நிரப்பித் தரும் சின்னக் கடை அது. வெளியே பொழுது சாய்கிற நேரத்துக் கூட்டத்தின் இரைச்சலும், மாங்காய் சுண்டல் வாசனையும், மாதா கோயில் மணியும் கலந்து வந்துகொண்டிருக்க, மூலையில் சாத்தியிருந்த இரட்டை சிலிண்டரிலிருந்து மட்டும் நைந்த வலையின் கவிச்சி வீசியது. கூடவே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நிற்கும். மறுபடி வரும். யாரோ மூச்சு இழுப்பதுபோல.

நந்தகுமாரின் முதுகில் போன சிலிண்டர். கடலடியில் சிக்கிய வலையை அறுக்க இறங்கியவன், கை இரண்டும் அதே வலையில் மாட்டிச் செத்தான். நதீமுக்குப் பன்னிரண்டு வருஷ சிநேகிதன். சிலிண்டரை நேற்றுதான் போலீஸ் திருப்பித் தந்தது.

நந்தகுமார் இறங்கிய அன்றைக்குக் காற்று நிரப்பும்போது, ஒரு பக்கம் கசிகிறதா என்று பார்க்க, இரண்டையும் இணைக்கும் நடு வால்வை நதீம் மூடினான். ஃபோன் வந்தது. திறக்க மறந்துபோனான். இடது சிலிண்டர் மட்டும் நிறைந்தது. காற்றளவு காட்டும் மீட்டர் இருந்தது இடதில். நந்தகுமார் மூச்சு இழுத்தது, பழைய மிச்சக் காற்று மட்டும் கிடந்த வலதிலிருந்து. கையைப் பின்னால் கொண்டுபோய் நடு வால்வைத் திருகியிருந்தால் பிழைத்திருப்பான், பாவி. கைதான் வலையில் மாட்டிக் கிடந்ததே.

வாசலில் நந்தகுமாரின் மனைவி அன்புக்கரசி. காரியம் முடிந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. புருஷனின் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தாள்.

"நதீம்ண்ணா, குடிச்சிட்டு எறங்கினாருன்னு குப்பத்துல பேசிக்கினு கீறாங்க. புள்ள காதுல உழுது. சிலிண்டர்ல காத்து கீதுன்றாங்க போலீஸுல. காத்து இருந்தும் எப்படிண்ணா செத்தாரு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியலம்மா."

ஸ்ஸ்... சத்தம் வேகமெடுத்தது. இழுத்தது. திணறியது.

மூலையில் நடு வால்வு அசைந்தது. கொஞ்சம் திரும்பியது. நின்றது. மறுபடி கொஞ்சம். முதுகுக்குப் பின்னால் தடவித் தேடுகிற கைக்கு அகப்படாததுபோல. தரையில் தண்ணீர் சொட்டியது.

நதீமுக்குப் பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. இந்தத் தடவையாவது திறந்துவிடுகிறேன் மச்சி. சொல்லியும் விடுகிறேன்.

மண்டியிட்டான். கையை நீட்டினான்.

வால்வின்மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. ஊறிச் சுருங்கியவை. வலையின் நைலான் நரம்பு சுற்றியவை. அவை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

"நான்தான்மா..." என்று சொல்ல வாயைத் திறந்தான்.

காற்று உள்ளே வரவில்லை.

"அண்ணா? ஏன் பேச மாட்டேன்றீங்க? அண்ணா!"

கடை முழுக்கக் கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. மீட்டரில் முள், நிறைந்த இடத்திலேயே நின்றது.