பத்துக்கு மூணு

தன் வீடியோவில் தான் விடாத ஒரு மூச்சு இருப்பதை, மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் ரஞ்சித் நம்பினான். ஏழாவது நிமிடம், பன்னிரண்டாவது விநாடி. விமர்சனத்தை வெட்டி ஒட்டும்போது மூச்சுச் சத்தங்களை அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிந்துவிடுவான். இது தப்பியிருந்தது. அதுவும் மூக்கடைத்த மூச்சு. ரஞ்சித்துக்குச் சளி கிடையாது.

அதற்கு முந்தைய வரி இது: "கடைசி ரூம்ல ஒரு சத்தம்கூட இல்ல மக்களே. சவுண்டு பண்ணவன் தூங்கிட்டான் போல. பத்துக்கு மூணு."

கடைசி அறையை அவன் பார்க்கவே இல்லை. 'ஆஷ் ஆர்பிட்' என்ற விண்வெளிச் சுடும் ஆட்டத்துக்கு, இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஒரு கூடுதல் பகுதி திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. அதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டால் தமிழில் முதல் ஆள் அவன்தான். இருபத்தைந்து நிமிடம் ஆடினான், மீதியை ஊகித்தான், திங்கள் இரவே ஏற்றிவிட்டான். அவனை நம்பி ஆட்டம் வாங்குகிறவர்கள் நாற்பதாயிரம் பேர்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு, சேனலில் அவன் போட்டிருந்த எண்ணுக்குப் போன் வந்தது.

"அண்ணா, கெடார்லேர்ந்து காயத்ரி பேசறேங்க. அந்த ஆட்டத்துக்கு சவுண்டு பண்ணது எங்க அண்ணன் பிரேம்குமாரு. மெட்ராஸ்ல கம்பெனில இருந்துக்கினு பண்ணாரு."

"நல்லா பண்ணியிருக்காரும்மா."

"பத்துக்கு மூணு குடுத்தீங்க."

ரஞ்சித் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அது போவட்டும்ங்க. கடைசி ரூம்ல சாவப்போற வீரன் மூச்சு வாங்குவான் பாருங்க, அது எங்க அண்ணன் மூச்சு. ஜுரத்தோட மைக்கு முன்னாடி உக்காந்து பதிஞ்சாரு. மறுவாரம் போயிட்டாரு. அவரு குரல்னு எங்க கிட்ட வேற எதுவும் இல்ல. நீங்க சத்தமே இல்லன்றீங்க. எடுத்துட்டாங்களாண்ணா?"

நான் முழுசா ஆடவே இல்லைம்மா. அந்த நான்கு சொற்கள் பல் வரைக்கும் வந்து திரும்பிப் போயின.

"ஸ்பீக்கர்ல கோளாறும்மா. ஒன்பதுக்குள்ள திரும்பப் போட்டு, போன்லயே கேக்க வெக்கிறேன்."

"அம்மா பக்கத்துலயே உக்காந்துகினு இருக்காங்க. ராத்திரிலேர்ந்து தூங்கல."

கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஆடத் தொடங்கினான். கைவிடப்பட்ட விண்கலத்தின் நடைவழிகள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டன. எங்கோ சொட்டும் நீர், இரும்புத் தகடு வெயிலில் விரிவதுபோன்ற முனகல், காலடிக்கு ஒரு நொடி பிந்திவரும் இன்னொரு காலடி, இவையெல்லாம் அவ்வளவு பொறுமையாகச் சேர்க்கப்பட்டிருந்ததால், தூங்கிவிட்டவன் என்று தான் சிரித்துக்கொண்டே சொன்ன ஆள் எத்தனை ராத்திரி தூங்காமல் இதைச் செய்திருப்பான் என்று அவனுக்குக் காது மடல் சுட்டது. அறையில் யாரோ கஷாயம் வைத்த வாடை வந்தது. மிளகும் தூதுவளையும். கீழ்வீட்டில் எல்லோரும் திருவக்கரை கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

எட்டு ஐம்பத்தேழுக்கு அந்த நீண்ட கடைசி நடைவழி வந்தது. கெடாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தான்.

"அம்மாவும் கேக்கறாங்கண்ணா."

மின்சாரம் ஒன்பதுக்குப் போகும் என்றால் ஒன்பதுக்குப் போய்விடும். திரும்பி வருவதில்தான் அந்த ஒழுங்கு கிடையாது. மின்விசிறி தளர்ந்து நின்றது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்தியது. பழைய பெட்டி, இரண்டு நிமிடம் தாங்கும். வீரனை ஓடவிட்டான். கதவு. கதவு திறக்கத் தொடங்கியது. விரல் அகலம். கையகலம்.

திரை அணைந்தது.

இப்போதாவது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான்.

"கேக்குதுண்ணா," என்றாள் காயத்ரி, குரல் உடைந்து. "அண்ணன்தான்."

ரஞ்சித் வாயை மூடிக்கொண்டான். தெருச் சத்தத்தைக் கேட்டு ஏமாறுகிறார்கள், ஏமாறட்டும் என்று நினைத்தான். இரண்டாவது பொய்க்கு வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கூச்சத்தில் தலை தானாகக் குனிந்தது.

"பிரேமு," என்றது ஒரு முதிய குரல். அஞ்சம்மாள், அந்தப் பிள்ளையைப் பெற்றவள். "மூக்கு அடச்சிக்கினு இருக்குதாடா? ஆவி புடிச்சியா?"

அப்போது அவனுக்கும் கேட்டது.

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. அதன் விளக்கும் செத்திருந்தது.

உள்ளே இழுப்பு. நிறுத்தம். வெளியே.

பிடரி மயிர் அசைந்தது. சூடு.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பதில் சொல்ல வேண்டும்.

"தம்பி," என்றாள் அஞ்சம்மாள் அவனிடம், கெஞ்சலாக. "கொஞ்சம் கிட்ட வச்சிப் புடிப்பா. நல்லா கேக்கட்டும்."

மாட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

போனை எடுத்தான். தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினான்.

விரல்கள். கொதிக்கிற விரல்கள். அவசரப்படாமல் போனை வாங்கிக்கொண்டன.

எதிரே அணைந்த திரையின் கருப்பில், போனின் சின்ன வெளிச்சம் அவன் தலையைத் தாண்டி மெல்ல மேலே ஏறி, நின்றுகொண்டிருக்கும் ஒருவனுடைய வாயின் உயரத்தில் நின்றது.