குளம் நிறையப் பொய்

டோரீன் போட்ட அலறலில், குளக்கரையில் உட்கார்ந்திருந்த மற்ற ஏழு பேரும் காபியைக் கொட்டிக்கொண்டார்கள்.

குளத்தில் ஒரு பிணம் மிதந்தது.

குப்புற...

பாலோ செகோவில் இதுவரை யாரும் தண்ணீரில் மூழ்கிச் செத்ததில்லை. மூழ்குவதற்குத் தண்ணீர் இருந்தால்தானே! கலிஃபோர்னியா பாலைவனத்தின் அந்த மூலையில் வருஷத்துக்கு நாலு அங்குலம் மழை பெய்தாலே பேப்பரில் படம் போடுவார்கள். மற்றபடி எல்லாம் கிணற்றுத் தண்ணீர். அதுவும் வருஷத்துக்கு இரண்டடி வீதம் கீழே போய்க்கொண்டிருந்தது.

அதற்காகத்தான் நிலத்தடி நீர் வாரியம் என்று ஒன்று முளைத்தது. ஐம்பது மைல் தள்ளி, மலையில் உருகும் பனித்தண்ணீரை விலைக்கு வாங்குவார்களாம். குழாயில் கொண்டு வருவார்களாம். மணல் குளத்தில் விட்டால் அது மெல்ல மண்ணுக்குள் இறங்கி, ஊர்க் கிணறுகளையெல்லாம் நிரப்புமாம். அந்தச் செலவுக்கு, மோட்டார் போடுகிற வீடு தவறாமல் நாலு வருஷமாக நிரப்புக் கட்டணம் வசூலித்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை வாரியத் தலைவர் க்ளேட்டன் ஸ்ட்ரிக்லர், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சிரிப்புமாக வந்து சக்கரத்தைத் திருகினார்.

குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது!

பள்ளிக்கூட பாண்டு முழங்கியது. ஊரே அழுதது. அன்றிலிருந்து மடக்கு நாற்காலியும் காபியுமாக வந்து குளத்தைப் பார்ப்பது ஊரின் புது வழக்கம். சினிமாவுக்குப் போகிற மாதிரி தண்ணீருக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக் காட்சியில்தான் அந்தப் பிணம்.

ஷெரிஃப் அலுவலகத்துத் துப்பறிவாளர் இனெஸ் பராகான் வந்து சேர்ந்தபோது, உடலைக் கரையில் போட்டிருந்தார்கள்.

"யாரு, டோபின்?"

"வெண்டல், மேடம். வாரியத்துல கிணறு அளக்குறவர்." உதவியாளன் டோபின் தொப்பியைக் கழற்றினான்.

இனெஸுக்கு அவரைத் தெரியும். ஊர்க் கிணறுகளில் இரும்பு டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று வாராவாரம் குறிக்கிற மனிதர். அதிர்ந்து பேசாதவர். போன மாசம் இனெஸ் வீட்டுக் கிணற்றை அளந்துவிட்டு, 'இன்னும் ரெண்டு வருஷம் வரும், அதுக்கப்புறம் காத்துதான்' என்று ஏதோ அவரே குடித்துத் தீர்த்துவிட்ட மாதிரி தலைகுனிந்து சொன்னார்.

"நேத்து பொழுது சாய இறந்திருப்பார்னு சொல்றாங்க. இவருக்கு நீச்சல் தெரியுமா, மேடம்?"

"இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? ஆனா இடுப்பளவுத் தண்ணி, டோபின். இதுல முழுகணும்னா பக்கத்துல ஒருத்தர் ஒத்தாசை பண்ணணும்." அவள் பிணத்தின் பின்னங்கழுத்தைக் காட்டினாள். "பண்ணியிருக்காங்க."

ஐந்து விரல் தடம். கன்றிப்போய்...

கார்க்கதவு அறைந்து சாத்தும் சத்தம். ஸ்ட்ரிக்லர்! வெள்ளைத் தொப்பி நெஞ்சில் இருந்தது. கண்ணில் ஈரம் இருந்தது.

"வெண்டலைப் போய்... யாரும்மா இனெஸ் இந்தப் பாவத்தைப் பண்ணினது?"

"விசாரிக்கிறோம் சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? நேத்து சாயங்காலம் எல்மோர் தோட்டத்துல ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை. ரோட்டுல போனவங்களுக்கே கேட்டிருக்கு."

எல்மோர் பிக்கட். முந்நூறு ஏக்கர் பிஸ்தா தோட்டக்காரர். ஊரிலேயே அதிகமாகத் தண்ணீர் இறைப்பவர், அதனால் அதிகமாகக் கட்டணம் கட்டுபவர், அதனாலேயே வாரியத்தின் மேல் இரண்டு முறை வழக்குப் போட்டவர். ஊரில் அவருக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள அவருடைய நாய்தான்.

"வேணும்னா ஒண்ணு பண்ணு." ஸ்ட்ரிக்லர் குரலைத் தாழ்த்தினார். "வெண்டல் வயித்துல இருக்கிற தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்பு. நம்ம குளத்துத் தண்ணி பனித்தண்ணி, பால் மாதிரி சுத்தம். எல்மோர் தொட்டியில இருக்கிறது கிணத்து உப்புத் தண்ணி. எங்க முக்கினான்னு தெரிஞ்சுபோயிரும்."

நல்ல யோசனைதான் என்று இனெஸ் நினைத்தாள்.

அந்த நினைப்புக்காக அவள் பிறகு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல வெட்கப்பட்டாள்.

சனிக்கிழமை மதியம் போன் அடித்தது. பிரேதப் பரிசோதனை டாக்டர் லிம்.

"இனெஸ், வயித்துல இருந்தது கிணத்துத் தண்ணி. உப்பு இருக்கு, போரான் இருக்கு, கொஞ்சம் ஆர்சனிக்கும் இருக்கு. மலைப்பக்கத் தண்ணின்னு சத்தியமா சொல்ல முடியாது."

"எல்மோர் தொட்டித் தண்ணியோட ஒத்துப்போகுதா?"

"அச்சு அசல்."

ஒரு மணி நேரத்தில் எல்மோரின் கையில் விலங்கு ஏறியது. தொட்டியில் அமுக்கிக் கொன்று, வாரியத்தை அவமானப்படுத்துவதற்காகப் பிணத்தைக் குளத்தில் போட்டார் என்று கேஸ் கட்டியாயிற்று. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோர்ட். கொலைக் குற்றம். அறுபத்தாறு வயசில் உள்ளே போனால் சவப்பெட்டியில்தான் வெளியே வர முடியும்.

ஊர் கை தட்டியது. செவ்வாய்க்கிழமை தட்டிய அதே கைகள்!

ஞாயிற்றுக்கிழமை காலை, லாக்கப்பில் எல்மோர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை கேக்கறேன், எல்மோர். வெண்டலோட எதுக்குச் சண்டை?"

"சண்டை போட்டது நான். அவன் சும்மா நின்னுக்கிட்டிருந்தான். அவனுக்குச் சண்டை போடவா தெரியும்?"

"எதுக்குப் போட்டீங்க?"

"ஒரு கேள்வி கேட்டான். செவ்வாய்க்கிழமை மோட்டார் போட்டீங்களான்னு. நாலு வருஷமா இந்த ஊரே என்னைத் தண்ணித் திருடன்கிற மாதிரி பாக்குது. இவனும் கேட்டா எரியாதா? கண்டபடி கத்திட்டேன்."

"சரி, போட்டீங்களா?"

"நீ இந்த ஊர்ல பொறந்தவதானே? அறுவடை முடிஞ்சு ஒரு மாசமாச்சு. இப்பப் போய் எவனாவது பிஸ்தாவுக்குத் தண்ணி பாய்ச்சுவானா? மோட்டாரையே கழட்டி ரிப்பேருக்கு அனுப்பியாச்சு. கடையில கேட்டுப் பாரு."

"இதை ஏன் நேத்தே சொல்லல?"

"நீ கேட்டியா? தண்ணி ஒத்துப்போச்சு, தண்ணி ஒத்துப்போச்சுன்னுதானே ஆடின."

சுருக்கென்று இருந்தது அவளுக்கு.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். மோட்டார் மூன்று வாரமாக அங்கேதான் பிரிந்து கிடக்கிறதாம். அப்படியானால் வெண்டல் ஏன் அதைக் கேட்டார்?

வெள்ளிக்கிழமையே கைப்பற்றிய வெண்டலின் வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. முன்சீட்டில் அவருடைய அளவுப் புத்தகம். குண்டு குண்டான பென்சில் எழுத்து. குளத்துக்குப் பக்கத்தில் வாரியமே வைத்திருந்த சோதனைக் கிணறு. திங்கட்கிழமை ஒரு அளவு. செவ்வாய்க்கிழமை மதியம் இன்னொரு அளவு. அதன் பக்கத்தில் மூன்று கேள்விக்குறிகள்.

இனெஸ் இரண்டு முறை கழித்துப் பார்த்தாள்.

ஊருக்கு முதல்முதலாக வெளியூர்த் தண்ணீர் வந்த நாளில், ஊர்க் கிணற்றில் ஐந்தடி குறைந்திருந்தது!

"டோபின்! வண்டியை எடு. குளத்துக்கு."

"அங்க எதுக்கு மேடம்? நேத்தே வத்திருச்சே."

"என்னது?"

"வெண்டலுக்கு மரியாதைன்னு தலைவர் வெள்ளிக்கிழமையே குழாயை மூடச் சொல்லிட்டாரு. மணல்தானே... ஒரே நாள்ல உறிஞ்சிருச்சு."

உண்மைதான். குளத்தில் ஒரு சொட்டு இல்லை. குழாயின் வாய் துடைத்து வைத்த மாதிரி காய்ந்திருந்தது. பனித்தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்று இனி மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

இனெஸ் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டோரீனின் மடக்கு நாற்காலி ஒன்று பாக்கி இருந்தது.

"யோசிச்சுப் பாரு டோபின். பிணம் குளத்துல கிடக்கு. பாக்குறவன் எவனா இருந்தாலும் குளத்துல முழுகிச் செத்தான்னுதானே நினைப்பான்? வேற எங்கயோ முக்கியிருப்பாங்கன்னு பாத்தவுடனே சொன்னது யாரு?"

"தலைவர்."

"வயித்துத் தண்ணியைப் பரிசோதிக்கச் சொன்னது யாரு?"

"தலைவர்... ஐயோ மேடம்!"

"இந்தக் குளத்துலயேதான் வெண்டலை அமுக்கியிருக்கான். குளத்துல இருந்ததே கிணத்துத் தண்ணி! கிணத்துல குறைஞ்ச அஞ்சடி இங்கதான் வந்திருக்கு. ஊர் மொத்தமும் பனித்தண்ணின்னு நம்புதுல்ல? அந்த நம்பிக்கைதான் அவனுக்குச் சாட்சி."

"ஆனா நிரூபிக்கத் தண்ணி இல்லையே, மேடம். இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா எங்கம்மா பாட்டிலையாவது..."

டோபின் பாதியில் நின்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாட்டில்!

ஸ்ட்ரிக்லருக்குத் தன் கையெழுத்தின் மேல் ஒரு காதல். செவ்வாய்க்கிழமை விழாவில், பாயும் குழாயிலேயே நானூறு கண்ணாடிப் பாட்டில்களை நிரப்பி, அரக்கு வைத்து மூடி, 'முதல் துளி' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டு, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே கொடுத்தார். தண்ணீரே காணாத ஊர். அதை யார் கொட்டுவார்கள், யார் குடிப்பார்கள்? கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். குளத்தை ஒரே நாளில் காய வைத்த மனிதர், ஊரிலுள்ள அலமாரிகளை மறந்துவிட்டார்.

இனெஸ் வீட்டிலும் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அதை வாங்கும்போது அவளும்தான் அழுதாள். கிணற்றை ஆழப்படுத்த நாற்பதாயிரம் டாலர் கேட்டிருந்தார்கள். இனி அது வேண்டாம், வீட்டை விற்க வேண்டாம், பிறந்த ஊரை விட்டுப் போக வேண்டாம் என்று அந்த ஆளின் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னாள்.

அரக்கை உடைத்தாள். கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். சுண்டச் சுண்டக் காய்ந்து, அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு படிந்தது. அவள் வீட்டுக் கெட்டிலில் தினமும் சுரண்டுகிற அதே உப்பு.

அடுப்பை அணைத்துவிட்டு டோபினுக்குப் போன் போட்டாள்.

அன்று மதியமே டோபின், அரக்கு உடையாத பாட்டில்களாகப் பன்னிரண்டு வீடுகளில் வாங்கினான். டோரீன் மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு தர மறுத்தாளாம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் லிம் ஒரே வரியில் சொன்னார்.

"பன்னிரண்டும் வெண்டல் வயித்துல இருந்த அதே தண்ணி."

ஒன்பது மணி. வாரியக் கூட்டம். கட்டணத்தை இன்னும் இருபது சதவீதம் உயர்த்துவது பற்றி ஸ்ட்ரிக்லர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். இனெஸ் மேடையேறி ஒரு பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே, சார்?"

"ஆமாம்மா. என்ன, ஞாபகார்த்தமா இன்னொண்ணு வேணுமா?"

"வேண்டாம். இந்தத் தண்ணியைக் குடிச்சு வெண்டல் செத்தது போதும்."

சிரிப்பு உறைந்தது.

"குளத்துக்குப் பக்கத்துக் குன்றுக்குப் பின்னால உங்க மோட்டார் ஷெட்டையும் காலையில பாத்துட்டோம், தலைவரே. ஐம்பது மைல் குழாய்னீங்க... நானூறு அடிதான் இருக்கு. ஒரு முனை இந்தக் குளத்துல. இன்னொரு முனை நம்ம ஊர்க் கிணத்துல. நம்ம தண்ணியையே உறிஞ்சு, நமக்கே இறக்குமதி பண்ணியிருக்கீங்க."

அரங்கில் யாருடைய நாற்காலியோ கீழே விழுந்தது.

"இனெஸ்... கேளும்மா..." தொப்பி அவர் கையில் கசங்கியது. "நான் ஒரு டாலர் திருடல. எல்லாம் ஆய்வறிக்கைக்கே போயிருச்சு. பதினொரு அறிக்கை. அப்புறம் வக்கீலுங்க. அப்புறம் வாரியத்துக்குச் சின்னம் வரையறவங்க. ஊர் கேக்க ஆரம்பிச்சிருச்சு, எங்க தண்ணி, எங்க தண்ணின்னு. சும்மா ரெண்டு நாளைக்கு ஓடவிட்டா அடங்கும்னு பாத்தேன்."

"திருடியிருந்தாலாவது ஒருத்தன் நல்லா இருந்தான்னு மனசைத் தேத்திக்கலாம்."

"வெண்டல் அளந்துட்டான். எல்மோர் மோட்டார் போடலன்னா நீங்கதான் போட்டிருக்கணும்னு குளக்கரைக்கே வந்து சொன்னான். ஊர்ல சொல்லிருவேன்னான். கெஞ்சினேன். சும்மா கழுத்தைப் பிடிச்சேன்..."

"சும்மாவா?" இனெஸின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இந்த ஊர்ல பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளு அவர்தான் சார். அவரை ஒரு பொய்த்தண்ணியில முக்கிக் கொன்னுட்டு, அதே தண்ணியை வச்சு எல்மோரையும் ஆயுசுக்கும் உள்ள தள்ளப் பாத்தீங்க. நானும் உங்க பேச்சைக் கேட்டு அந்த மனுஷனுக்கு விலங்கு மாட்டினேன். எனக்கு என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல."

டோபின் விலங்கை எடுத்தான்.

பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் எல்மோர் வெளியே வந்தார். இனெஸ் மன்னிப்புக் கேட்டாள். அவர் 'என் நாய்க்கு யாராவது சோறு வெச்சீங்களா?' என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார்.

அதே வாசலில் வண்டியிலிருந்து ஸ்ட்ரிக்லரை இறக்கினார்கள். கட்டணம் கட்டிய கூட்டம் இரண்டு பக்கமும் நின்றது. அவருக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இனெஸ்... ஒரு வாய் தண்ணி குடேன்."

"கண்டிப்பா சார்." இனெஸ் அவரைப் படியேற்றினாள். "அதுக்கு முன்னாடி ஒரு ஆய்வறிக்கை போட்டுருவோம்."