பொட்டு வைத்த பேழை

கரையூர்களில் நேற்று மறுபடியும் கடல் ஏறிவிட்டது. இறந்தவர்களின் இருநூற்றுப் பன்னிரண்டு புதிய உயிர்ப்பதிவுகள் வந்துகொண்டிருந்தன. கழுத்தில் கட்டிய பதிவுமணி மனிதரைக் கடைசி நொடிவரை எழுதும். உடல் கிடைக்காவிட்டாலும் பதிவை அனுப்பிவிடும். அவற்றை எழுதிவைக்க இன்று மதியத்துக்குள் நாடா நூலகம் ஓடியாக வேண்டும்.

கிருஷ்ணகிரிக்கு அருகே, கருங்கல்லைக் குடைந்த அறையில் மரகதம் அந்த நூலகத்தின் கண்ணாடிக் கதவின் முன் மண்டியிட்டிருந்தாள். உள்ளே வரிசை வரிசையாகச் சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு நாடாப்பேழை, ஒரு பேழைக்கு ஒரு மனிதர். இறந்தவர்கள் பேசிவந்த பேச்சகத்தின் வட்டுகள் மூன்று வாரம் முன்பு கருகிவிட்டன. இந்த நாடாக்களைத் தவிர வேறு பிரதி இல்லை. இனி எடுகரம் என்ற இயந்திரக் கை ஒவ்வொரு பேழையின் முதுகிலுள்ள பட்டைக்குறியைப் படிக்கும்; நாடாவைப் படித்து எழுதும் ஓட்டியில் செருகி, அந்த மனிதரைப் புதிய பேச்சகத்துக்கு மீட்டுத்தரும்.

பதினான்காம் சிற்றறையில் அவள் கணவன் செல்லையா இருந்தான். ஒவ்வொரு வெள்ளியும் நான்கு மணிக்கு, "என்ன ஆபீசரம்மா, டீயாச்சா?" என்றுதான் தொடங்குவான். இரண்டு வெள்ளிகள் அந்தக் குரல் இல்லாமல் போய்விட்டன. இன்று மூன்றாவது.

"புதுப் பேழைக்கு ஒட்டுற குறிச்சீட்டு வரலைக்கா," என்றான் உடன் வேலை செய்யும் இருதயராஜ். "முந்நூறும் மொட்டையா இருக்கு. கரம் படிக்க முடியாம நிக்குது."

மரகதம் விதிப்பலகையைத் திறந்தாள். 'குறி படிக்க முடியாத பேழையைக் காலி என்று கொள்' என்று சேர்த்தாள். அதற்கு மேல் பழைய விதி ஒன்று இருந்தது: ஒரு மாதம் யாரும் பேசாத பேழையும் காலியே, அதன்மேல் வேறொருவரை எழுதலாம். இறந்தவர்கள் பெருகி இடம் சுருங்கிய பிறகு வந்த சட்டம். செல்லையாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

சூடம் காட்டி, கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மூடும் முன் மரகதம் தன் நெற்றியிலிருந்து கொஞ்சம் குங்குமம் தொட்டுப் பதினான்காம் பேழையின் முதுகில் வைத்தாள். புருஷன் பேசுகிறவரை பெண்கள் பொட்டை அழிப்பதில்லை. இப்போதைய வழக்கம் அது.

"அத்தானுக்குமா?" இருதயராஜ் சிரித்தான். "கல்யாணத்தன்னிக்கே திருநீற வேர்வைல அழிச்ச ஆளு அவரு."

"போடா. கண்ணு படக்கூடாதுன்னுதான்."

எடுகரம் நகர்ந்தது. அதன் சிவப்பொளி வரிசைகளைத் தடவிக்கொண்டே போய், பதினான்கில் ஒரு கணம் நின்றது. பேழையை உருவியது. மரகதம் கண்ணாடியில் கைவைத்து நின்றாள். முதலில் அவன்தான் வருகிறான்.

பத்து நிமிடம் கழித்துத்தான் திரையைப் பார்த்தாள். 'காலிப் பேழை ஒன்று. புதிய பதிவு எழுதப்படுகிறது.'

"நிறுத்து! ராஜு, நிறுத்துடா!"

அவன் ஓடிப்போய் மின்பிடியை இழுப்பதற்குள் பதினொரு நிமிடம் எழுதப்பட்டிருந்தது. ஓட்டி பேழையை வெளியே தள்ளியது. பட்டைக்குறியின் கோடுகள்மேல் குங்குமம் அப்பியிருந்தது. அதை அவள் முந்தானையால் துடைத்தாள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

இருதயராஜ் பேழையைச் சோதனை ஓட்டியில் செருகிப் பார்த்தான். "இதுல எழுத ஆரம்பிச்ச ஆளோட முழுப் பதிவ வேற பேழைல எழுதிடலாம்க்கா, அவுக வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இதுல... பதினோராவது நிமிஷத்துல முடிவுக்குறி விழுந்திருச்சு. அதத் தாண்டி எந்த ஓட்டியும் படிக்காது."

"தாண்டி அவரு இருக்காரா?"

"இருக்காரு. முக்காவாசிக்கு மேல. ஆனா போக வழியில்ல."

"என்னிக்காவது வழி வரும்ல?"

"வரலாம்க்கா. அதுவரைக்கும் பேழை காலியாகாம இருக்கணும்." அவன் முகம் மாறியது. "மாசத்துக்கு ஒருதடவையாவது யாராவது அதோட பேசணும்."

நான்கு மணிக்கு மரகதம் பேச்சறையில் உட்கார்ந்தாள். உயிர்ப்பதிவுகள் கடைசி நொடியிலிருந்து பின்னோக்கி எழுதப்படுபவை; கடைசி நிமிடங்களே நாடாவில் அதிக இடம் பிடிக்கும். ஆகவே அந்தப் பதினொரு நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவனின் சாவு மட்டுமே இருந்தது. ஒலிவாய் உயிர்பெற்றது.

"யாரது? யாராவது இருக்கீகளா? கழுத்து மட்டும் தண்ணி... கால் எட்டல. வள்ளி? ஏ வள்ளி, நீயா?"

அவள் கை துண்டிப்புப் பொத்தானுக்குப் போனது. பதில் சொல்லாமல் துண்டித்தால் அது பேச்சாகாது; செல்லையாவின் ஒன்பது நாள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் துண்டுக்கு நினைவு ஒட்டாது. இன்று தேற்றினாலும் அடுத்த முறை இதே தண்ணீரில்தான் விழித்தெழும். ஒவ்வொரு முறையும் அவள்தான் அவனை எழுப்ப வேண்டும்.

"வள்ளி! பயமா இருக்குடீ!"

மரகதம் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"வள்ளிதாங்க," என்றாள். "இங்கதான் இருக்கேன்."