விரல் பட்ட அலை

திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதுதான் சரியில்லை.

நீலம், சிப் எப்படி இயங்கும் என்று டிசைன் பிரிவு கணினியில் கணக்குப் போட்டு நேற்றே அனுப்பியது. சிவப்பு, டெஸ்டர் மெஷினில் செருகிய சிப்பை டெஸ்ட் பிரிவு டெக்னீஷியன் சித்தி ஹாஜரா இப்போது அளப்பது. இரு பிரிவு வேலையையும் ஒரே கோப்பில் இணைத்த பிறகு இதுதான் முதல் சோதனை ஓட்டம். இன்று முடித்துக் கொடுத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. பதினோரு நாளாக இரட்டை ஷிப்ட். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் ஜன்னலில்லாத அந்த அறையில் ஏர்கான் ஒரே சுருதியில் இரைந்தது, சூடான பிளாஸ்டிக் வாடை தொண்டையில் படிந்திருந்தது, கண் எரிந்தது.

கணக்கும் அளவும் கொஞ்சமாவது விலகும். நிஜச் சிப்பில் இரைச்சல் உண்டு. இங்கே சிவப்பின் ஒவ்வொரு நடுக்கமும் நீலத்தில் முன்பே இருந்தது.

திறந்த சாக்கெட்டில் இருந்த சிப்பின் முதுகில் விரலை வைத்தாள். சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து உடம்பு வாங்கும் இரைச்சல் அலையாக எழுந்தது. சிவப்பில். நீலத்திலும்.

மாடியில் இருந்த டிசைனர் புவனேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்களோடது வெறும் கணக்குதானே? என் வெரல் எப்படி அதுக்குள்ள வந்துச்சு?"

"நேத்தே ஓட்டி அனுப்பிட்டேன் லா. ஒன் வெரல நான் எங்க கண்டேன்? கடைசியா எப்பத் தூங்குன நீ?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நீலத்தை இனி வரும் நிமிடங்களுக்கு நகர்த்திப் பார்த்தாள். 4:17க்கு இன்னொரு தொடுகை. இதைவிடப் பலமாக. கோப்பு முடியும்வரை அது விலகவேயில்லை.

மணி 4:14.

எழுந்து போய்விடலாம். வாசலில் அட்டையைத் தட்டினால் வெளியேறியது பதிவாகிவிடும். ஆளில்லாத ஓட்டம் செல்லாது. பதினோரு நாள் வீண். தொடாமல் இருந்தால் நீலம் பொய்யாகும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

4:16.

ஏர்கான் நின்றது. யாரும் நிறுத்தவில்லை.

4:17.

சிவப்பு எழுந்தது.

கைகள் பைக்குள். பத்து விரலும். மடக்கி எண்ணினாள்.

சாக்கெட்டின் ஊசிகள் மெல்ல அமுங்கின. சிப்பின் கறுத்த முதுகில் ஈரம் பூத்தது. ரேகை ரேகையாக. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. பிறகு அதைவிட அகலமாக.